ஒரு கூறு பாக்கி

பழைய காகிதத்தில் மீன் வாசம் அடிப்பது பழவேற்காட்டில் ஒரு குற்றமே இல்லை. இங்கே கல்யாணப் பத்திரிகையும் மீன் வாசம்தான், பள்ளிக்கூடத்து டி.சி.யும் மீன் வாசம்தான். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் தேவேந்திரனுக்கு அதெல்லாம் பழகிப்போன சங்கதி. அன்றைக்கு அவனை நிமிர வைத்தது வேறு. மேசைமேல் கிடந்த புகைப்படத்திலிருந்து அடித்தது பழைய மீன் வாசம் இல்லை. அப்போதுதான் ஏரியிலிருந்து தூக்கிப் போட்ட மடவையின் வாசம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்குமே, அந்த மீன். படத்தில் இருந்த மீன்களோ தேவேந்திரனின் தாத்தா கோவணம் கட்டிய காலத்தில் செத்தவை.

கடைத்தெருவில் ஒரு பழைய உப்புக் கிடங்கைச் சுண்ணாம்பு அடித்துக் காப்பகம் ஆக்கியிருந்தார்கள். பொறுப்பாளரான அர்ச்சனா மேடம் சென்னையிலிருந்து எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் தேவேந்திரன் ராஜ்ஜியம். படகு இடித்துத் தோள்பட்டை நழுவிய பிறகு அவன் கடலுக்குப் போவதில்லை. ஊர் வீடுகளில் கிடைக்கும் கடிதம், தந்தி, தோணிச் சீட்டு, படம் எல்லாவற்றையும் தூசி தட்டி, எண் போட்டு, உறையில் வைப்பான். ஊரில் இதை யாரும் ஒரு வேலையாக மதித்ததில்லை. செத்தவன் குப்பையைக் கூட்டுகிறவன் என்று சொல்வார்கள். அப்படியிருக்க, கிழிந்த வலையைக்கூட யாருக்கும் தராத அண்ணன் கோதண்டம், கோட்டைக்குப்பத்து வீட்டிலிருந்து இந்தப் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துவந்து கொடுத்திருந்தார். "வீட்ல இருந்தா கரையான் அரிச்சிடும்டா தம்பி. உன் ஆபீஸ்ல பத்திரமா இருக்கட்டும்." அவர் வாயிலிருந்து 'ஆபீஸ்' என்று வந்ததில் தேவேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முழுக்க அந்தச் சொல்லை மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தான்.

படத்தில் கடற்கரை. மணலில் மீன் கூறுகள். சுற்றிலும் குந்தியிருக்கும் ஆண்கள். ஒருவன் மட்டும் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறான். குப்பத்துக்காரனுக்கு இது விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வலை இழுத்துக் கிடைத்த மீனைக் கூறு போட்டபின் ஒருவன் திரும்பி நிற்பான். இன்னொருவன் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். முதுகு காட்டுகிறவன் ஒரு பெயர் சொல்வான். அந்தக் கூறு அந்தப் பெயருக்கு. பெரிசு சிறிசு என்று யாரும் முணுமுணுக்க முடியாது, ஏனென்றால் சொன்னவன் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் நீதிமன்றம் இவ்வளவுதான்.

இந்தப் படத்தில் குந்தியிருந்தவர்கள் நிறைய. கூறு இரண்டுதான். மற்ற இடங்களில் மணல் வட்டமாக, ஈரமாக, வெறுமையாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட மதியம் அது. புயல் சின்னம் என்று கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஓட்டின்மேல் மழை அரிசி புடைப்பதுபோல் சீராக விழுந்துகொண்டிருக்க, சுண்ணாம்புச் சுவரிலிருந்து பழைய உப்பு கசிந்து உதட்டில் கரித்தது. தேவேந்திரன் உறை எடுப்பதற்காக அலமாரிப் பக்கம் திரும்பினான்.

"இது யாருக்கு?"

"சுப்பனுக்கு" என்றான் தேவேந்திரன்.

அவன் யோசித்துச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் அந்தக் கேள்வி வந்தால் குப்பத்தில் பிறந்த நாக்கு தானாகப் பதில் சொல்லும். தும்மலை நிறுத்துகிறவனால்தான் அதையும் நிறுத்த முடியும். சுப்பன் பக்கத்து வீட்டுக்காரன், பால்ய சிநேகிதன், காலையில் டீக்கடையில் அவன் டீயில் பாதியைக் குடித்துவிட்டுப் போனவன். அதனால் வாய்க்குக் கிடைத்தான்.

சொன்ன பிறகுதான் அறையில் யாருமில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தான். படத்தில் ஒரு கூறுதான் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் சுப்பனைத் தூக்கிவந்தார்கள். ஏரியில் முழங்கால் தண்ணீரில் குப்புறக் கிடந்தானாம். வலிப்பாக இருக்கும் என்றார் போலீஸ்காரர். அவன் பெண்சாதி முனியம்மா மட்டும் அழாமல், மடித்துக் கட்டிய அவன் லுங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடி நிறைய மடவை. உயிரோடு. "வலைய எடுக்காம தானே போச்சு" என்று எல்லாரிடமும் கேட்டாள். தேவேந்திரனிடமும் கேட்டாள்.

மறுநாள் மழை இன்னும் கறுப்பாக இருந்தது. கரண்டு இல்லை. காப்பகக் கதவைத் தாழிடத் திரும்பியபோது கேட்டது.

"இது யாருக்கு?"

உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"இது யாருக்கு?" இப்போது கொஞ்சம் பக்கத்தில். அதட்டல் இல்லை, கோபம் இல்லை. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருப்பவனின் குரல். அடுத்த தடவை பிடரி மயிரில் ஈர மூச்சு பட்டது.

பாய்ந்து திரும்பினான். யாருமில்லை. மேசைமேல் படம். பார்த்துக்கொண்டிருக்கும்வரை குரல் இல்லை என்பது தெரிந்ததும், நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டான். ஓடிப் போகலாம்தான். ஆனால் எந்தப் பக்கம் ஓடினாலும் முதுகைத்தானே காட்ட வேண்டும். யாராவது ஒருவர் பெயரைச் சொல்லித் தொலைக்கலாம். ஊரில் அதற்குத் தகுதியானவர்களுக்குப் பஞ்சமில்லை. எஞ்சினைப் பழுது பார்க்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பாகத்தைக் குறைத்தே தரும் மெக்கானிக் ராபர்ட்டின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. உடனே முனியம்மாவின் பார்வையும் வந்தது. விழுங்கிவிட்டான்.

கண்ணை எடுக்காமலே அண்ணனுக்குப் போன் போட்டான். "அந்தப் படத்த வந்து எடுத்துக்கினு போண்ணா. இப்பவே." அவ்வளவுதான் சொன்னான். அண்ணன் வருகிறார் என்றதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். சின்ன வயசில் முகத்துவாரத்துச் சுழலில் அவன் மயிரைப் பிடித்து இழுத்துப் போட்ட கை அது.

கோதண்டம் சொட்டச் சொட்ட வந்தார். கதவைச் சாத்தினார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தினி பாக்கி?" என்றார்.

கூறு பற்றித் தேவேந்திரன் போனில் சொல்லவே இல்லை.

"ஒண்ணு" என்றான்.

"அப்ப சுப்பனுக்குக் குடுத்தது நீதானா. பாவம், நல்ல பையன்."

"உனக்குத் தெரியுமாண்ணா?"

"நைனாவுக்கே தெரியும். கொளுத்திப் பாத்தாரு, பத்தல. கடல்ல போட்டாரு, மறுநாளு வலையில வந்துச்சு. வாய மூடிக்கினு இருந்து பாத்தாரு, கிட்ட வந்துக்கினே இருந்துச்சு. அப்பால ஒரு நாளு அது என்னிய கேட்டுச்சு." கோதண்டம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சின்னப் பையன்டா நான். வாயில நைனா பேருதான் வந்துச்சு."

மழை. ஓடு. மேசையிலிருந்து பச்சை மீன் வாசம்.

"தெரிஞ்சேதான் எங்கிட்ட குடுத்தியா?"

"எம் பொண்ணு ஜமுனா இப்பலாம் கூறு போட சொல்லோ கரைக்கு வந்துடுது. பேர் சொல்ல அவ்ளோ ஆச அதுக்கு. வீட்ல வச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீ யார் பேரையாச்சும் சொல்லி முடிச்சிடுவன்னு பாத்தேன்."

"நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன்." தேவேந்திரன் கண்ணை எடுக்கவில்லை. "பாத்துக்கினே இருந்தா கேக்காதுண்ணா. மாத்தி மாத்தி பாத்துக்கலாம். நீ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம்."

"எத்தினி நாளைக்கு?"

"தெரியாது."

கோதண்டம் தம்பியின் தலையில் கை வைத்தார். ஈரக் கை. கனமான கை.

"சரி. நீ பாத்துக்கினு இரு" என்றார்.

திரும்பி நின்றார். சுவரைப் பார்த்து.

"அண்ணா. திரும்பாத."

அவர் கேட்கவில்லை.

"அண்ணா, நான் பாத்துக்கினுதான் இருக்கேன். உன்னிய கேக்கும். திரும்பாதண்ணா."

படத்தில் குந்தியிருந்த ஒருவன் கையை நீட்டினான். மெதுவாக. விரல் நுனியில் மணல். கடைசிக் கூறைத் தொட்டான்.

"இது யாருக்கு?"

அண்ணனின் முதுகு ஒரு தரம் குலுங்கியது. அழுதாரோ, இருமினாரோ. பிறகு, சோறு போட்டு வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக் கூப்பிடுவாரே, அதே பிரியமான குரலில் சொன்னார்.

"எங்க தேவேந்திரனுக்கு."

படத்தில் மணல் வெறுமையாயிற்று.

காலடியில் ஈரம். குனிந்து பார்த்தான். சிமெண்டுத் தரையில் மடவைகள். வாய்கள் திறந்து மூடின. கூறுக்கு அடியிலிருந்து கைகள் வந்தன. தோல் சுருங்கிய, வெளுத்த கைகள். மீனை விட்டுவிட்டு அவன் கணுக்காலைப் பிடித்தன. பிடிக்கவில்லை. அள்ளின. மணல் ஒட்டாமல் தட்டித் தட்டி, பதமாக. கணுக்கால் போனது. முழங்கால். வலிக்கவில்லை. கூப்பிட வாயைத் திறந்தான். உப்புத் தண்ணீர் வந்தது.

"அண்ணா."

கோதண்டம் திரும்பவில்லை. கூறு அள்ளி முடிகிறவரை பெயர் சொன்னவன் திரும்பக் கூடாது, அது முறை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முடிந்ததா என்று காதைக் கொடுத்தபடி நின்றார்.