பின்னவளுக்குத் திறந்த கதவு

முதலில் அப்படிச் செய்தவர் அலுவலக வாசல் காவலாளி. காலை ஒன்பதேகாலுக்கு வழக்கம்போலக் கண்ணாடிக் கதவை இழுத்துப் பிடித்து அவளுக்கு வழிவிட்டார். அவள் உள்ளே நுழைந்து, தோள்பையைச் சரிசெய்துகொண்டு, படிக்கட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்த பிறகும் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தார். வெளியே யாரும் இல்லை. வெயில் மட்டும் ஒரு நீளக் கட்டமாகத் தரையில் விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே வந்த யாருக்கோ வணக்கம் வைப்பதுபோல லேசாகத் தலையசைத்துவிட்டுக் கதவை மெல்ல விட்டார்.

மனுஷனுக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் லிஃப்டில் ஏறினாள். ஏற்கெனவே உள்ளே நின்றிருந்த ஆள், ஒருத்திக்கு வேண்டிய இடத்தைவிட இன்னும் கொஞ்சம் தள்ளி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் கேன்டீன் அம்மா அவள் மேஜையில் இரண்டு டீ வைத்தாள். எதிர் நாற்காலியை ஒருமுறை பார்த்தாள், ஒரு கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போதுதான் முதன்முதலாக அந்த வாடை அடித்தது. பல நாள் அணைக்காமல் விட்ட கணினிக்குள் தூசி சூடேறி வேகிற வாடை. அதன் அடியில், ஒரு வாரமாகக் கழுவாத தலைமுடியின் வாடை. நகர்ந்து உட்கார்ந்தாள். வாடையும் நகர்ந்து உட்கார்ந்தது.

யாராக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருந்தாள். பத்து வருஷமாக அது அவளுக்குக் கைவந்த விஷயம்.

அவள் வேலை மொழிபெயர்ப்பு. ‘ஏழாம் வாயில்’ என்ற கணினி விளையாட்டு வருஷத்துக்கு ஒரு பாகமாகப் பன்னிரண்டு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. ராஜாக்களும் சூனியக்காரிகளும் பேசும் வசனத்தையெல்லாம் தமிழில் எழுதித் தருவது அவள்தான். இரண்டாம் பாகத்தின்போது, வேலை முடித்துக் கொடுக்க வேண்டிய அன்று, பட்டியலில் ஒரே ஒரு வரி காலியாக இருந்தது. கதாநாயகி ஒரு கோட்டை வாசலைக் கடக்கும் இடம். மூலத்தில் அவள் ஒன்றும் பேசாமல் போகிறாள். ஆனால் காலி வரி இருந்தால் பட்டியல் சிவப்பு காட்டும், வேலை முடியாது. கேட்கலாம் என்றால் மேலாளர் விடுப்பில் இருந்தார். அவளே ஒன்றைத் தட்டி நிரப்பினாள்.

“கதவைச் சாத்தாதே. எனக்குப் பின்னால் ஒருத்தி வருகிறாள்.”

வாயில்காப்போன் கதவைத் திறந்தே வைத்திருப்பான். யாரும் வரமாட்டார்கள். கதாநாயகி இரண்டு அடி நகர்ந்ததும் கதவு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

தமிழில் விளையாடுகிறவர்கள் அந்த வரியை விடவில்லை. அவர்களுக்கென்று ஒரு இணையக் குழு இருந்தது. நாலாம் பாகத்துக்குப் பிறகு கதை தேய்ந்துபோய்விட்டது என்று புலம்புவார்கள். ஐந்தில் செத்த ராஜா ஏழில் எழுந்து வந்தபோது, எழுதுகிறவர்களுக்கு யாராவது ஞாபகசக்தி மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்று கிண்டலடித்தார்கள். ஆனால் அந்த ஒரு வரி என்று வந்துவிட்டால் குரல் தாழ்ந்துவிடும். வராத அந்தப் பெண்ணுக்குப் ‘பின்னவள்’ என்று பெயர் வைத்தார்கள். அவள் நாயகியின் இறந்துபோன தங்கை என்றது ஒரு கூட்டம். விளையாடுகிற நாம்தான் அவள் என்றது இன்னொன்று. பக்கம் பக்கமாகக் கட்டுரைகள், படம் போட்டு விளக்கங்கள். கத்தரி என்ற பெயரில் எழுதுகிற ஒருவன் மட்டும், இது மொழிபெயர்ப்பில் நேர்ந்த கோளாறு, வேறு எந்த மொழியிலும் இந்த வரியே கிடையாது என்று எழுதினான். கத்தரிக்கு எதைப் பார்த்தாலும் வெட்டத்தான் தெரியும் என்று அவனை விரட்டியே விட்டார்கள்.

அவள் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று, அதை வெளியே சொல்ல அவளுக்கே கூசும். இத்தனை வருஷத்தில் அவள் சொந்தமாக எழுதியது அந்த ஒரே ஒரு வரிதான். எல்லாருக்கும் பிடித்திருந்ததும் அதுதான்.

கத்தரியோடு மல்லுக்கு நின்றவர்களில் முன்னால் நின்றவள் குருவி. குழுவில் அவள் பெயர் அதுதான். வயது இருபத்து மூன்று. பின்னவள் நிஜமாகவே வருகிறாள், நாம்தான் யாரும் காத்திருப்பதில்லை என்பது குருவியின் வாதம். நாயகியை நகர்த்தாமல் வாசற்படியிலேயே ஏழு நாள் நிறுத்த வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் தானாக நின்றுவிடும். எப்படியோ அலுவலக முகவரியைத் தேடிப் பிடித்து அவளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள் குருவி. அப்படி ஒருத்தி இருக்கிறாளா அக்கா?

பதில் எழுத அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இருக்கிறாள். பொறுமையாக இருப்பவர்களுக்குத் தெரிவாள்.

காத்திருக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் குருவியின் இதயம் நின்றுபோனது. அவளுடைய அப்பா எழுதிய கடிதத்தில்தான் அது தெரிந்தது. திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பாள். உங்கள் பதிலைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், ரொம்ப நன்றி என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் வந்த மறுநாள் காலையில்தான் காவலாளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் குருவியின் அப்பாவே நேரில் வந்தார். தையல்காரர், சட்டைக் கையில் ஒரு நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்தின் சின்ன அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிற்பகல் வெளிச்சம் ஜன்னல் பலகைகள் வழியே கோடு கோடாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. மகளைப் பற்றி மெதுவாகச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்வாளாம்.

“நாங்க பாத்தப்போ விரல் அந்தப் பொத்தான் மேலயே அழுந்திக் கிடந்துச்சும்மா. நான்தான் எடுத்து விட்டேன். கொஞ்ச நேரத்துல திரையில அந்தக் கதவு தானா சாத்திக்கிச்சு.”

மூச்சை இழுத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். மகளுடைய கூட்டாளிகள் நாற்பத்தொரு பேர், அவள் நினைவாக, ஆளுக்கு ஆள் அவரவர் வீட்டில், அதே வாசலில் ஏழு நாள் காத்திருக்கப் போகிறார்களாம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

“அப்படி ஒருத்தி இருக்கா தானம்மா?”

இல்லை என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நூலைப் பார்த்தாள். இல்லை என்றால் இவர் மகள் எதற்காகச் செத்தாள்? அதை இவர் முகத்துக்கு நேரே யார் சொல்வது? அந்தச் சாக்கு அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அதற்குப் பின்னால் அவள் வேலையும் அவள் வரியும் பத்திரமாக ஒளிந்துகொண்டன.

“இருக்கா,” என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்போ எம் பொண்ணு வீணா உக்காரல.”

வெளியே போகையில் அறைக் கதவை அவர் அவளுக்காகப் பிடித்தார். அவள் கடந்துவிட்டாள். அவர் கையை எடுக்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல அவர் முகம் திரும்பியது. நெற்றி சுருங்கி, பிறகு இளகியது.

“வீட்டுக்குப் போலாமாம்மா?”

யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் நின்றார். கதவை விட்டுவிட்டுத் தனியாகப் படியிறங்கிப் போனார். வாடை அவளோடு அங்கேயே நின்றது.

திங்கட்கிழமை காத்திருப்பு தொடங்கியது. அவள் குழுவின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு பெயர்கள், பக்கத்தில் நாற்பத்தொரு பச்சைப் புள்ளிகள். முதல் நாள் ஒரே அரட்டை. யார் முதலில் கொட்டாவி விடுவது என்று போட்டி. இரண்டாம் நாள் பேச்சு குறைந்தது. மூன்றாம் நாள் எழுத்துகள் பிழையாக விழுந்தன. வாசலுக்கு வெளியே புல் அசைகிறது என்று ஒருவர் எழுதினார். எனக்கும் என்று எட்டுப் பேர்.

ஒவ்வொரு நாளும் பதில் கட்டத்தைத் திறந்து ‘அப்படி ஒருத்தி இல்லை’ என்று எழுதினாள். ஒவ்வொரு நாளும் அழித்தாள்.

ஊரில் அவள் நுழைந்த பிறகும் யாரும் பிடித்துக்கொண்டு நிற்காத கதவு வீட்டுக் கதவு ஒன்றுதான். கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மயிரிழைக் கீறலைக்கூடத் தவறவிடாத கண். அவர் அவளுக்குக் கதவு திறப்பார், அவள் வந்ததும் சாத்துவார். நாலாம் நாள் மாலை, என் பின்னாடி யாராவது தெரியறாங்களா என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிஜமாகவே இரண்டு முறை பார்த்தார். யாரும் இல்லை, நீ முதல்ல ஒழுங்காத் தூங்கு என்றார். அவர் தோளில் சாய்ந்து அழுதாள். ஏன் அழுகிறாள் என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் நண்பகலோடு எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். புள்ளிகள் மட்டும் பச்சையாகவே இருந்தன. நாற்பத்தொன்றும்.

ஒரு மணி. இரண்டு மணி. ஏதாவது சொல்லுங்கள் என்று எழுதினாள். நாலு மணிக்கு எல்லாவற்றையும் எழுதினாள்: காலி வரி, சிவப்பு, குருவிக்குச் சொன்ன பொய், அப்பாவுக்குச் சொன்ன பொய். எழுந்திருங்கள், போய்ப் படுங்கள், அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. இந்த முறை அழிக்கவில்லை. அனுப்பினாள். அடியில் ஒரு சின்ன எண் வந்து நின்றது. படித்தவர்கள்: பூஜ்யம்.

அது மாறவே இல்லை.

குருவியின் அப்பாவுக்கு போன் போட்டாள். வெகுநேரம் அடித்தது. எடுத்தார். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மறுமுனையில் ஒரு பொத்தான் மெதுவாக ‘டக்’கென்றது.

“நீங்க இருக்கான்னு சொன்னீங்கல்ல, அதான் நானும் எம் பொண்ணு நாற்காலியில வந்து உக்காந்துட்டேன். எனக்கு விளையாடல்லாம் தெரியாதும்மா. இதை மட்டும் அமுக்கிக்கிட்டு இருக்கேன்.”

எழுந்திருங்க ஐயா என்றாள். கெஞ்சினாள். அப்படி யாரும் இல்லை, நான்தான் எழுதினேன், நான்தான் என்றாள்.

“செத்த சும்மா இருங்கம்மா,” என்றார் அவர், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல. “காலடிச் சத்தம் கேக்குது.”

டக். அவள் ஐயா, ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதன்பின் பொத்தான் அழுந்தியது. விடுபடவில்லை.

பையை எடுக்காமலே கிளம்பினாள். காவலாளி கதவைத் திறந்தார். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் வெளிச்சம் இன்னும் இருந்தது; கடைகளில் ஆள் இருந்தது; எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவளுக்காக ஒதுங்கியவர்கள் திரும்ப வழிக்கு வரவில்லை. ஒதுங்கியபடியே நின்றார்கள். கடந்துபோய் வெகுநேரம் கழித்தும். வாடை கனத்தது. சூடான தூசி. ஒரு அறையின் வாடை இல்லை. பல அறைகள்.

வீட்டு மாடிப்படி. முதல் மாடி. அவள் காலடி கேட்கவில்லை. மற்ற காலடிகளில் அமுங்கிப்போயிருந்தது. வெறுங்கால்கள். நிறைய.

கதவைத் தட்டினாள். கணவர் திறந்தார். உள்ளே பாய்ந்தாள்.

“சாத்துங்க. யாருக்காகவும் நிக்காதீங்க. சாத்திடுங்க.”

தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.

திரும்பினாள். கணவர் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வழியில் கிடந்த செருப்புகளைக் காலால் ஓரம் தள்ளினார். வயிற்றை எக்கி முதுகைச் சுவரோடு ஒட்டினார். மயிரிழைக் கீறலைத் தவறவிடாத அந்தக் கண்கள் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தன. அவள் ஓரடி பின்னால் போனாள். முதுகில் யாரோ இடித்தார்கள். நகர்ந்தாள். அங்கேயும்.

கணவரின் பார்வை வாசலில் ஒரு இடத்தில் வந்து நின்றது. அவர் ஒரு கையை எடுத்து, பிடித்துக்கொள்ளச் சொல்வதுபோல நீட்டினார்.

“படி இருக்கு, பாத்து வாங்க பெரியவரே,” என்றார்.

நீட்டிய அந்தக் கையை எதுவோ பற்றியது. விரல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. கூடத்தில் மூச்சு விட இடமில்லை. அவர் கண்கள் மறுபடி நகரத் தொடங்கின, வாசலுக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கம், கீழே, இன்னும் கீழே.