வலது ஓரத்துப் பள்ளம்

"ஃபோர்க் பின்னைப் பூட்டாம ஓட்டினாருன்னு என் வீட்டுக்காரரைப் போலீஸ் உள்ள வச்சுட்டாங்க. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாரு," என்றாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் மனைவி, துப்பறிபவரிடம். வண்டியின் முன்னால் சுமை தாங்கும் இரும்புக் கரமான ஃபோர்க் கழன்று விழுந்து சுமை தூக்குபவர் ஒருவர் இறந்திருந்தார். அவளோடு வந்த தம்பி, அதே கிடங்கின் மெக்கானிக்.

துப்பறிபவர் தன் உதவியாளனை அழைத்துக்கொண்டு அவர்களோடு உடனே கிளம்பினார்.

கிடங்கின் பக்கத்து அறையைத் தம்பி திறந்தான். "விழுந்த ஃபோர்க்கை அன்னைக்கே இங்க வச்சுப் பூட்டிட்டேன் சார். சாவி என்கிட்டதான். ஈ காக்கா உள்ள வரல."

வண்டி விபத்து நடந்த இடத்திலேயே நின்றது. முன்புறம் மேலும் கீழுமாக இரண்டு இரும்புச் சட்டங்கள். ஃபோர்க்கின் மேல் கொக்கி மேல் சட்டத்தில் தொங்கும். கீழ்க் கொக்கி கீழ்ச் சட்டத்தைப் பிடிக்கும். மேலே செருகும் 'பின்' என்ற சிறு பூட்டுக் கம்பி அதைப் பக்கவாட்டில் நகராமல் நிறுத்தும்.

"பின் இல்லன்னா வழுக்கி விழுந்துரும். கேஸ் முடிஞ்சுது சார்," என்றான் உதவியாளன்.

"எங்க விழும்?"

உதவியாளன் குனிந்தான். கீழ்ச் சட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு வெட்டு. கீழ்க் கொக்கி வெளியே வர வேறு வழியில்லை.

"நடுவுல."

"தரையப் பாரு."

சிமெண்ட் தரையில் ஃபோர்க் விழுந்த பள்ளம் சட்டத்தின் வலது ஓரத்துக்கு நேர் கீழே இருந்தது.

துப்பறிபவர் அறைக்குத் திரும்பி ஃபோர்க்கைப் புரட்டச் சொன்னார். கீழ்க் கொக்கி இல்லை. அறுத்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட். நகத்தால் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில் சிமெண்ட் தூள்.

"கீழ்க் கொக்கி இல்லாததால ஓரத்துலயே கழண்டிருக்கு. விழுந்த பிறகு பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. ஆனா அன்னையிலருந்து இந்த அறைக்குள்ள ஈ காக்கா வரலன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவள் தம்பியைப் பார்த்தாள். "நீயாடா?"

"தினம் எத்தனை தடவை ஃபோர்க் மாத்தணும் தெரியுமாக்கா? ஒவ்வொரு தடவையும் நடுவுக்குத் தள்ளி இடுப்பே விட்டுப்போச்சு. கொக்கிய அறுத்தா நேரா தூக்கி மாட்டிரலாம். அத்தான் திட்டினாரு. நான் சிரிச்சேன்."

"அதான் அவர் பேசல," என்றார் துப்பறிபவர்.

"அத்தான் போலீஸ் வண்டில ஏறும்போது என்கிட்ட சொன்னாரு. 'உங்கக்கா தாங்க மாட்டா, வாய மூடு'ன்னு."

"நான் தாங்க மாட்டேன்னு நீங்க ரெண்டு பேருமா முடிவு பண்ணிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல." அவள் குரல் உயரவில்லை. "நட, ஸ்டேஷனுக்கு."

"அக்கா, என் பொண்டாட்டி மாசமா இருக்கா."

"செத்தவருக்கும் பொண்டாட்டி இருக்கா. முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு."

அவன் நகரவில்லை. உதவியாளன் அவன் தோளைத் தொட வேண்டியிருந்தது.