உள்ளே ஒருவர்

மணி வீறிட்ட வேகத்தில் அவள் கையிலிருந்த டீ பாதி மேசையில் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. மூடிக்கிடக்கும் சுரங்கப்பாதையில் அடிப்பதற்கு எதற்கு மணி?

மலையைக் குடைந்து போட்ட சாலை அது. நீர்க்கசிவை அடைப்பதற்காகப் போக்குவரத்தை நிறுத்தி ஒரு மாதமாகிறது. வேலையாட்கள் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சுரங்கத்தின் வாய்க்கு மேலே கட்டியிருந்த அந்தக் கட்டுப்பாட்டு அறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்க, படிக்கட்டு வழியாக ஈர சிமெண்டின் வாசனை எப்போதும்போல மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. மணியை நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.

உள்ளே இருந்தது அவள் தம்பி மட்டும். அறுந்த கண்ணாடி இழையை ஒட்டுவதில் கைகாரன். மொட்டைத் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, "நீங்க போய்க் கொட்டிக்கங்க, நான் ஒரு ஒட்டு போட்டுட்டு வந்துடறேன்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு இறங்கியிருந்தான். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான்.

சுரங்கத்தின் நடைமேடைக்கு அடியில், தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழை நெடுக ஓடுகிறது. அதற்குள் ஒளியை அனுப்பினால் போதும். எந்த இடத்தில் கான்கிரீட் இழுபடுகிறது, எங்கே சூடு, எங்கே குளிர், வழியில் உள்ள, காற்று புகும் துளைப்பெட்டிகளுக்குள் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று திரும்பி வரும் ஒளி சொல்லிவிடும். ஒரு ஆள் மேலே நின்றாலே திரையில் சின்ன மேடாகத் தெரியும்.

'உள்ளே ஒருவர்' என்று மற்றவர்கள் வெளியேறியதும் இயந்திரத்தில் பதிந்தது அவள்தான். இப்போது திரையில் இரண்டு மேடுகள். மணி அடித்தது அதனால்தான்.

வாக்கிடாக்கியை எடுத்தாள். "டேய் மொட்டை, எங்கடா இருக்க?"

"சுவத்துல இருநூறு மீட்டர்னு எழுதியிருக்கு. ஏன்க்கா, சாப்பாடு வந்துடுச்சா?"

"உன்கூட யாராவது இருக்காங்களா?"

"என்கூட எவன் வருவான்? கட்டிக்கவே ஒருத்தியும் வரமாட்டேங்கிறா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் மேடு இருநூறில் இருந்தது. சரி, அது தம்பி. இன்னொன்று முன்னூறில், சுரங்கத்தின் இன்னும் உள்ளே. அது யார்?

முன்னூறின் அளவுகளைத் திறந்து பார்த்தாள். ஒரு உடம்பின் சூடு. பக்கத்திலிருந்த துளைப்பெட்டியில் மூச்சுக்காற்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. இருநூறில் அப்படி எதுவும் இல்லை. சுற்றியிருந்த கல்லைவிட அந்த இடம் கொஞ்சம் குளிர்ந்தே இருந்தது. கசிவுத் தண்ணீரில் நிற்கிறான் போல, வாசல் காற்று அவன் மூச்சை அடித்துக்கொண்டு போகிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

"உள்பக்கமா வெளிச்சம் அடிச்சுப் பாரு."

"இருட்டுதான்க்கா இருக்கு. வேற என்ன இருக்கும்? தண்ணி சொட்டுது. என்னக்கா, குரலே சரியில்ல?"

முன்னூறில் இருந்தது ஒரு அடி எடுத்து வைத்தது. பிறகு இன்னொன்று.

"வேலையைப் போட்டுட்டு வாசலுக்கு வா."

"ஒட்டு இன்னும் போடல..."

"அம்மா மேல சத்தியமா சொல்றேன்டா. உனக்குப் பின்னாடி நூறு மீட்டர்ல எவனோ மூச்சு விடறான். ஓடி வா!"

பிறகு பூட்ஸ் சத்தம். தண்ணீரை மிதித்துக்கொண்டு, வேகமாக.

திரையில் முன்னூறு ஓடத் தொடங்கியது.

இருநூறு அசையவில்லை.

"ஏன்டா நிக்கிற? அது உன்னைப் பாத்துதான் வருது. ஓடுடா!"

"ஓடிட்டுதான்க்கா இருக்கேன்!"

பூட்ஸ் சத்தம் காதில் கேட்டது. கண்ணெதிரே அந்த மேடு முளையடித்ததுபோல நின்றது. பின்னாலிருந்தது நெருங்கியது. இருநூற்றெழுபது. இருநூற்றறுபது.

வாக்கிடாக்கியில் அவன் இரைக்க இரைக்கப் பேசினான். "அக்கா... நூறு மீட்டர்னா சொன்னே? காலையில வாசல் பெட்டியில உபரியா நூறு மீட்டர் இழைச் சுருள் சேத்து ஒட்டினேனே... அதைக் கழிச்சியா?"

கழிக்கவில்லை.

இயந்திரத்துக்குச் சுரங்கம் தெரியாது. அது அளப்பது இழையை. இழை நீண்டால் அந்த நீளத்தைக் கழிக்கச் சொல்லிப் பதிய வேண்டும். தினமும் செய்கிற வேலை. இன்று காலை மறந்துவிட்டாள்.

"கழிக்கலைன்னா அந்த முன்னூறு நான்தான்! என்னையே காட்டி என்னை ஓட விட்டிருக்க. உன்னை நம்பி இந்த மலையை விட்டிருக்கானுங்க பாரு!"

அவன் சிரித்தான். அவளுக்கும் போன உயிர் திரும்பியது. லூசு, லூசு என்று தலையில் அடித்துக்கொண்டே நூறைக் கழித்தாள். திரையின் கோடு மொத்தமும் இடப்பக்கம் நகர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த மேடு நூற்றைம்பதில் வந்து உட்கார்ந்தது. சூடாக. மூச்சுடன். தம்பி.

மற்றதும் நகர்ந்திருந்தது.

நூறில் நின்றது. குளிர்ந்து. மூச்சில்லாமல். அவனுக்கும் வாசலுக்கும் நடுவே.

அவனைத் திருப்பி அதனிடம் ஓடவிட்டது அவள்.

"நில்லு! அப்படியே நில்லுடா! வராத!"

அவள் குரல் போகவில்லை. அவன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தால் அடுத்தவர் குரல் போகாது. அவனுடைய சிரிப்பு மட்டும் வந்தது. பூட்ஸ். தண்ணீர். சிரிப்பு.

"அந்த டீயைக் கீழ வச்சுட்டு வேலையைப் பாருக்கா..."

நூற்று முப்பது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். நின்று களைக்கிற மனிதன் காலை மாற்றி மாற்றி ஊன்றுவான். திரையில் அது நடுக்கமாகத் தெரியும். நூறில் அந்த நடுக்கம் இல்லை. மணி அடித்ததிலிருந்தே இல்லை.

நூற்றிருபது. நூற்றுப் பத்து.

பூட்ஸ் தயங்கியது. நின்றது. தண்ணீர் சொட்டும் சத்தம். திரையில் இரண்டு மேடுகளுக்கும் நடுவே கைநீட்டும் தூரம்தான்.

வாக்கிடாக்கியில் தம்பியின் குரல் மெல்ல, நிம்மதியாக வந்தது.

"அட, நீயே உள்ள வந்துட்டியாக்கா? அதுக்கு ஏன் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிற?"