கடைசிச் சிறகாண்

காலை ஆறு மணிக்கு ஸ்டெல்லா வழக்கம்போல ஏழாம் குமிழகத்தின் எறும்புக்கூட்டைத் திறந்து பார்த்தாள். வெளியே மண் செத்துப்போன பிறகு, மனிதர்கள் ஒதுங்கி வாழும் இந்தக் கண்ணாடிக் குமிழகங்களின் வயல்களைக் கிளறிப் பயிர் வளர்ப்பவை எறும்புகள்தாம். மூன்று வாரமாகக் கூட்டில் பிறந்தவை எல்லாம் சிறகு முளைத்த ஆண்கள், சிறகாண்கள். வேலைக்காரி ஒன்றுகூட இல்லை.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், எட்டாம் குமிழகத்தில், அக்கா அருள்மேரி காபி டம்ளரோடு வந்து நின்றாள். நோய்க்குப் பயந்து இடைக்கதவை யாரும் திறப்பதில்லை. ஆறு வருடமாக அக்காளும் தங்கையும் பேசுகுழல் வழியேதான் சண்டை போட்டார்கள்.

“என்னட்டி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?”

“ராணி ஓஞ்சிட்டாக்கா. ஒரே ஒரு நாள் பறந்து வயித்துல சேத்து வச்ச விந்து தீந்துபோச்சு. கருவாகாத முட்டையில ஆம்பளதான பொறப்பான்? வெட்டிப் பயலுவ.”

ராணி இல்லாத குமிழகத்தில் ஸ்டெல்லா போன்ற கூட்டுக் காப்பாளருக்கு வேலையில்லை, தொலைதூரத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே இந்தக் கண்ணாடிகூட இருக்காது.

அருள்மேரி டம்ளரைக் கீழே வைத்தாள். “ஏசாதட்டி. எங்க கூட்டுல சிறகு மொளச்ச பொண்ணுவ இருவது நிக்கி. மாப்பிள்ள ஒருத்தன் இல்ல.”

சிறகாண்களும் இளராணிகளும் பறந்து கூடும் மணப்பறப்புக்கு மட்டும் இடைக்கதவு திறக்கும் என்று விதி உண்டு. இருவரும் அன்றே விண்ணப்பித்தார்கள்.

பறப்பு நாளில் விசிறிகள் நின்றன. கதவு திறந்ததும் ஆண்கள் புகைபோல எழும்பின. கதவின் உணரி அவற்றின் சிறகசைவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிச் சிறகாண் அடங்கியதும் கதவு மூடிக்கொள்ளும்.

காபி டம்ளரோடு கதவைத் தாண்டி இறங்கிவந்த அக்கா முன் ஸ்டெல்லா ஓடிப்போய் நின்றாள். “நீ இம்புட்டுக் குட்டையாக்கா?”

“எங்க பக்கம் தரை ஒசரம்லா. வாய மூடு” என்று அருள்மேரி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் கருவுற்ற இளராணி ஒன்று ஏழாம் குமிழகத்தில் இறங்கி, தன் சிறகுகளைத் தானே கழற்றிப்போட்டு மண்ணைத் தோண்டத் தொடங்கியது. இனி மாற்றல் இல்லை. ஆனால் ஆண்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. மிஞ்சிய ஒன்று அருள்மேரியின் கொண்டையில் உட்கார்ந்திருந்தது. சிறகு லேசாக நடுங்கியது.

“அக்கா, அசையாத. இவன் செறகு அடங்கிட்டுன்னா கதவு மூடிரும்.”

“பசியா இருக்கும்ட்டி. அந்தக் காபில வெரல முக்கிக் குடு.”

“காபி குடிப்பானா?”

“நம்ம வீட்டு மாப்பிள்ளல்லா, குடிப்பான்.”

ஸ்டெல்லா விரலை நீட்டினாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி இருவரும் காத்திருந்தார்கள். அது ஒரு துளி உறிஞ்சியது. சிறகு விரிந்தது. கதவு திறந்தே இருந்தது.