புல்லுக்கு அடியில் தோர்ல்பி

ஈனிட் கார்ப் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். "ஹோரஸ், நாளைக்கு என் புருஷன் சிரிலை அடக்கம் பண்ணணும். ஹார்ட்னால் புல்வெளி கேட்டைப் பூட்டிட்டான். பெட்டியை ரோடு வழியா வேன்ல கொண்டுபோன்னு சொல்றான்!"

தோர்ல்பி ஊர்க்காரர்கள் கடைசியாகத் தேவாலயத்துக்குப் போவது தோளில்தான், புல்வெளியைக் குறுக்கே கடந்துதான். சாகும்போது சிரில் கேட்டதும் அது ஒன்றைத்தான். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஹோரஸ் டில்லி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய இணைபிரியாத வாலான பெர்னி, தேவாலயத்தில் மணியடிப்பவன், அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றான்.

போன வருஷம் புல்வெளியை வாங்கிய ஹார்ட்னால், தன் வீட்டுக்கு வந்த இருவரிடமும் மரியாதையாகத்தான் பேசினார். "பாதையா? நாயைக் கூட்டிட்டுப் போறவங்க நாலஞ்சு வருஷமா நடந்து தேஞ்ச தடம். அதுக்கு முன்னாடி அங்க ஒண்ணுமே இல்ல. நான் அந்தப் பக்கம் போறதுகூடக் கிடையாது."

"வீட்டு மனை போடப் போறாராம்," என்று பெர்னி முணுமுணுத்தான். "பொதுவழி இருந்தா அனுமதி கிடைக்காது. அதான் ஐயா கேட்டைப் பூட்டிட்டார்."

ஹோரஸ் கதவோரம் கிடந்த ஹார்ட்னாலின் பூட்ஸைப் பார்த்தார். வசந்தம் முடிந்ததிலிருந்து சொட்டு மழை இல்லை. குழாய் வைத்துத் தண்ணீர் பாய்ச்சவும் தடை. அந்த பூட்ஸிலோ ஈரச் சேறு.

"தேவாலயக் கோபுரத்து மேல ஏறிப் பார்ப்போமா? நீங்களும் வாங்க, மிஸ்டர் ஹார்ட்னால்."

மேலே போனதும் பெர்னி தொப்பியைக் கழற்றினான். கீழே, காய்ந்து பழுத்த புல்வெளியில், வெளுத்த கோடுகளால் ஒரு ஊரே கோலம் போட்டதுபோல் கிடந்தது. வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் வாசல், பின்னால் தோட்டம், நடுவே வட்டமாக ஒரு குளம்.

"கடவுளே... யாரு வீடு இதெல்லாம்?" என்றான் பெர்னி.

"நம்ம ஆளுங்க வீடுதான்," என்றார் ஹோரஸ். அவர் குரல் இறங்கியிருந்தது. "எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி தோர்ல்பி இங்கதான் இருந்துச்சு. கொள்ளைநோய் வந்துச்சு. பிழைச்சவங்க மேட்டுல போய் வீடு கட்டிக்கிட்டாங்க. புதைச்ச சொந்தங்களை விட்டுப் போக மனசு வரல, அதனால தேவாலயம் மட்டும் இங்கயே நின்னுடுச்சு. சுவர் புதைஞ்ச இடத்துல மண்ணு கம்மி. புல்லு சீக்கிரம் காயும்."

"சரி, தெரு எங்க? ரெண்டு வரிசை வீட்டுக்கு நடுவுல பசேல்னு இருக்கே!"

"அதுதான் விஷயம். தெருவுக்குக் கல் பாவியிருப்பாங்க. அது எல்லாத்தையும் விட வெளுத்துக் கிடக்கணும். ஆனா கேட்டுலேருந்து தேவாலயம் வரைக்கும் அது மட்டும் பச்சை. யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க, கோடு பிசகாம. இல்லவே இல்லாத பாதையோட அகலம் யாருக்குத் தெரியும்? அது வெளுக்க ஆரம்பிச்சதை மாடி ஜன்னல்லேருந்து பார்த்தவருக்குத் தெரியும். அந்தப் பக்கமே போகாதவரோட பூட்ஸ்ல ஈரச் சேறு ஏன், மிஸ்டர் ஹார்ட்னால்?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தீங்களே!" என்றான் பெர்னி.

ஹார்ட்னால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். "என் ஜன்னல்லேருந்து ஒரு கோடுதான் தெரிஞ்சது," என்றார் கடைசியில். "இத்தனை வீடு இருக்கும்னு நினைக்கல."

"ஒருதடவை பொதுவழின்னா என்னைக்கும் பொதுவழிதான். சட்டம் அப்படி," என்றார் ஹோரஸ்.

சாவி கைமாறியது.

மறுநாள் சிரில் தோளில் ஏறிப் புல்வெளியைக் கடந்தார். பெட்டிக்குப் பின்னால் நடந்த ஈனிட், சில அடிக்கு ஒருமுறை இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பித் தலையசைத்தார். புல்வெளியில் யாருமே இல்லை.

"யாருக்கு வணக்கம் சொல்றீங்க?" என்று ஹோரஸ் மெதுவாகக் கேட்டார்.

"வாசல் வாசலா இருக்கே, ஹோரஸ். இனிமே என் சிரிலுக்கு இவங்கதான் அக்கம்பக்கம். நான் வர்ற வரைக்கும் பார்த்துக்கணுமில்ல?"