நிமிரும் ஈட்டி

மனித குலத்தின் மூடநம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டென்றும், அந்த எல்லையைத் தாண்டி மறுபக்கம் போய் நின்ற முதல் மன்னார்க்காரன் தான்தான் என்றும் டினோஜன் மனதார நம்பினான். இருபத்திரண்டு வயதில் அதற்காக அவன் கர்வப்பட்டதில்லை. கேட்டவர்களுக்கு மட்டும்தான் சொல்வான். கேளாதவர்களுக்கும் சொல்வான்.

2004 சனவரியில், அம்மாவோடு குடியேறியிருந்த பனிநாட்டு நகரத்தின் டவுன்டவுனில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் நிலவறையில் அவனுக்குப் பகுதிநேர வேலை கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஜெர்மானியக் குடிகளின் ஆயுதங்களைக் கட்டத்தாளில் வைத்து விளிம்பைக் கீறி அளவு குறிக்க வேண்டும். இரும்புக்குப் பஞ்சப்பட்ட சனங்கள். வாளும் கவசமும் பெரிய ஆட்களுக்கு. மற்றவனுக்கு ஒடுக்கமான முனையுள்ள ஓர் ஈட்டியும் பலகைக் கேடயமும்தான். அப்படிப்பட்டவர்கள் சண்டையில் வென்றதும் தோற்றவனின் ஆயுதங்களைப் பொறுக்கி, வளைத்து, டென்மார்க்கின் சேற்று ஏரிக்குள் போட்டார்கள்.

"கிடைச்ச இரும்பை ஆராவது தண்ணிக்க போடுவானோ அண்ணை?" என்று களஞ்சியப் பொறுப்பாளர் இரவிச்சந்திரனிடம் கேட்டான்.

"செத்தவன் திரும்பி வந்து எடுக்கக் கூடாதெண்டு வளைச்சிருப்பாங்கள்."

"எடுத்து என்ன செய்யிறது? பென்ஷனுக்குப் பதியிறதோ?"

திங்கட்கிழமை அவன் கீறியது ஓர் ஈட்டிமுனை. முள்ளுக்கொக்கிபோல நுனி பின்பக்கமாக மடிந்திருந்தது. புதன்கிழமை அளவைச் சரிபார்க்க அதே தாளில் வைத்தபோது, அது திங்கட்கிழமைக் கோட்டுக்குள் அடங்கவில்லை. நுனி ஒரு நெல்மணி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அது ஒரு விரல் அகலம். இழுப்பறையின் அடித்துணி நனைந்திருந்தது. மேலே வெப்பக்குழாய்கள் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருக்க, காய்ந்த காகிதமும் தூசியும் மட்டுமே மணக்கவேண்டிய அந்த அறையில் பாசி மணத்தது, துரு மணத்தது, அவற்றுக்கு அடியில் ஊறிய தும்புக்கயிற்றின் வாடையும் வந்தது. அந்த வாடை அவனுக்குத் தெரியும். எங்கேயென்றுதான் பிடிபடவில்லை.

"நீர் கீறினது பிழை தம்பி," என்றார் இரவிச்சந்திரன். "திங்களும் பிழைச்சால் நான் வேற ஆள் பாக்கோணும்."

"இரும்பு நிமிருது அண்ணை."

"ஏன், பென்ஷன் எடுக்கவோ?"

வேலையைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருந்தது: வீட்டுக்குக் கொண்டுபோய் மணிக்கொருதரம் கீறிக் காட்டுவது. ஈட்டிமுனையைக் கழுத்துத்துணியில் சுற்றி, நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த அவர்களின் அப்பார்ட்மெண்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

அம்மா எலிசா, கார்டெரி எனப்படும் பிள்ளைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை முடிந்து வந்தவள், பனிச்சப்பாத்தைக் கழற்றாமலே நின்றாள்.

"இதை ஆர் தண்ணியிலயிருந்து எடுத்தது?"

தண்ணீர் என்று அவன் சொல்லவேயில்லை.

"போட்ட இடத்திலயே போடு, மோனை."

"அது டென்மார்க் அம்மா. பஸ் போகாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்களும் அந்தக் காட்டுச்சனமும் ஒண்டுதான். செத்தவன் வந்து எடுப்பானெண்டு இரும்பை வளைச்சுத் தண்ணிக்க போடுறது."

அம்மாவின் முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்துபோயிற்று. பதின்மூன்று வருடங்களுக்கு முன் மன்னாரில், இயக்கத்தில் இருந்த அவனுடைய அண்ணன் டிலக்ஷன் ஓரிரவு துவக்கோடு வீட்டுக்கு வந்து படுத்தான். விடியற்காலை நாய்கள் குரைத்தன; ஆமி ஊரைச் சுற்றிவளைத்திருந்தது. துவக்கு வீட்டில் இல்லாவிட்டால் பிள்ளை தப்புவான் என்று அம்மா அதைக் கிணற்றில் போட்டாள். எழும்பியவன் துவக்கைத் தேடித் தேடி, வெறுங்கையோடு கிணற்றுக்கட்டில் நின்றபோது சுட்டார்கள். கழுத்தில் மடுமாதா பதக்கம். அவன் கிணற்றுக்குள்ளேயே விழுந்தான்.

"நான் வளைக்கேல்லையடா," என்றாள் அம்மா மெதுவாக. "அப்பிடியே போட்டனான்."

சனிக்கிழமை முழுக்க டினோஜன் கீறினான். பத்துத் தாள். பத்துக் கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து போயின. மேசையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அடுத்த மணிக்குள் நுனி அம்மாவின் அறைக்கதவை நோக்கியிருந்தது.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாய் ஒழுகுவதாக நினைத்துப் போய் இறுக்கினான். சத்தம் நிற்கவில்லை. அது அம்மாவின் அறையிலிருந்து வந்தது. கதவடியில் கம்பளம் கறுத்திருந்தது. தும்புக்கயிற்று வாடை. இப்போது பிடிபட்டது. அவர்களின் கிணறு.

கதவைத் திறந்தான்.

அம்மா கால்கள் நிலத்தில் படாமல் கட்டிலில் குந்தியிருந்தாள். தரையெல்லாம் ஈரம். வெறுங்கால் தடங்கள். விரல்கள் எல்லாம் கட்டிலைப் பார்த்தபடி.

"அண்ணை வந்து நிண்டவன்," என்றாள். "என்ர சாமான் எங்கை எண்டு கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"தம்பியிட்ட எண்டு."

அவன் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிப் போனான். மேசையில் கிடந்த ஈட்டி ஊசிபோல நேராக இருந்தது. அதன் நுனி இப்போது அவனைப் பார்த்தது.

ஏரிக்கரைக்குப் போகும் சென்ட்-ஆன்-த-பெல்வ்யூ பஸ்ஸில், கழுத்துத்துணியில் சுற்றிய ஈட்டியோடு கடைசி இருக்கையில் அவன் மட்டும்தான். அவனுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் திரும்பவில்லை. இறங்கும்போதும் திரும்பவில்லை. பின்னால் பனியில் சப்பாத்தில்லாத கால்கள் நடந்தன.

உறைந்த ஏரியில் மீன்பிடிக்காரர் வெட்டிவிட்டுப்போன ஓட்டை ஒன்று இருந்தது. அதை நெருங்கியதும் பின்னால் வந்த சத்தம் நின்றது. ஓட்டையருகில் முழந்தாளிட்டான். பனிக்கட்டிக்கு அடியில் ஏதோ வெளிறித் தெரிந்தது. கையால் பனித்தூளைத் துடைத்தான்.

முகங்கள். வரிசையாக. தாடி வைத்தவை, வைக்காதவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் விரித்த ஒரு வெறுங்கை.

ஓட்டைக்கு நேர் கீழே ஒரு கழுத்து. கழுத்தில் பதக்கம்.

மனித குலத்தின் எல்லை பற்றி டினோஜன் எதுவும் நினைக்கவில்லை. ஈட்டியை முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். ஈர ஓலை ஈர்க்குப்போல மடிந்தது. இன்னும் அழுத்தினான். நன்றாக மடித்தான். பிறகு பூசையில் காணிக்கை கொடுப்பவனைப்போல இரண்டு கைகளிலும் ஏந்தித் தண்ணீருக்குள் தாழ்த்தினான்.

ஒரு கை அதை வாங்கியது.

வாங்கி, இருட்டில் தடவியது. விரல்கள் இரும்பின்மேல் ஊர்ந்தன. வளைவில் நின்றன.

மற்றக் கையும் வந்தது.

இரண்டு கைகளும் சேர்ந்து, அவசரமில்லாமல், அதை நிமிர்த்தத் தொடங்கின.