நாற்பதாவது கையொப்பம்

கையொப்பத்தின் மை இன்னும் காயவில்லை.

ஊர்காவற்றுறையில், பல்கலைக்கழகத்தின் தீவக வளாக அலுவலகத்தில் தனியே இருந்த லிகிதர் சிவரூபி வரவுப் பதிவேட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். நாற்பதாவது பெயர், கம்சிகா. மூன்று மாதமாக அந்தப் பெயருக்குக் கையொப்பம் இட்டு வருபவள் சிவரூபிதான். இன்றைக்கு அவள் இன்னும் இடவில்லை. தாளில் பாசி மணத்தது.

கம்சிகா அனலைதீவிலிருந்து படிக்க வரும்போது வள்ளத்திலிருந்து கடலில் விழுந்தவள். உடல் கிடைக்கவில்லை. நாற்பது மாணவர் இல்லாத வளாகத்தை மூடிவிடுவார்கள். சிவரூபியை மலையக வளாகத்துக்கு மாற்றுவார்கள். இப்போதுதான் கட்டி முடித்த வீடு பூட்டிக் கிடக்கும். அதனால் பெயரை வெட்டவில்லை.

போன கிழமை தாய் யோகம்மா வந்து கதிரை நுனியில் இருந்தாள்.

"மகள் வாறேல்லை எண்டு ஒரு கடிதம் தாரும் பிள்ளை. இறப்புப் பதிவு எடுக்க வேணும். அந்தியேட்டிக் கிரியை கூடச் செய்யேல்லை. அவள் கடலுக்கையே நிக்கிறாள்."

"ஏலாது அம்மா. பதிவேட்டில வரவு கிடக்கு. உங்கட மகள் ஒவ்வொரு நாளும் வாறா."

யோகம்மா கதிரையை விட்டு எழுந்தாள்.

"அப்ப வரட்டும்" என்றாள்.

தொலைபேசி அடித்தது. தலைமை வளாகத்திலிருந்து அன்ரனிட்டா.

"நாலு வளாகத்தையும் பற்றின கைந்நூல் அச்சுக்குப் போகுது. தீவகத்தில நாப்பது பேர்தானே?"

"ஓம் அக்கா. காலமை எல்லாரையும் நிப்பாட்டிப் படமும் அனுப்பினனான்."

"பாத்தன். ஆள் காணாதெண்டு நீரும் ஏறி நிண்டிட்டீர் என்ன?" அன்ரனிட்டா சிரித்தாள். "உம்மை விட்டிட்டு எண்ணினன். நாப்பது. சரி."

முப்பத்தொன்பது பேரைத்தான் சிவரூபி நிறுத்தியிருந்தாள்.

"உம்மட தோளில கை வைச்சுக்கொண்டு நிக்கிற பிள்ளையை மட்டும் வெட்டிவிடட்டோ? தலையெல்லாம் ஈரம். முகமும் வடிவாத் தெரியேல்லை."

சிவரூபி தொலைபேசியை வைத்துவிட்டாள். மத்தியானம். காற்றாடி நின்றிருந்தது, வெளியே பூவரச இலைகூட அசையவில்லை, சாத்திய அந்த அறைக்குள் உப்பும் அழுகலும் கலந்த மணம் மெல்ல மெல்லத் தடித்துவர, அலுமாரிக்கும் அவளுடைய கதிரைக்கும் நடுவே சீமெந்துத் தரையில் ஏதோ சொட்டுவது கேட்டது.

ஒரு சொட்டு. இன்னொன்று. கிட்ட.

பெயரை வெட்ட வேண்டும். இப்போதே. பேனையை எடுத்தாள். ஒரே ஒரு கோடு.

தோளின்மேலால் வந்த கை அவளுடைய விரல்களை மூடியது. ஊறி வெளுத்த தோல். நகங்கள் இல்லை. பேனையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியது. நாளைக்குரிய கையொப்பத்தை இட்டது. பிறகு நாளை மறுநாளுக்குரியதை.

தாள் முடிந்தது.

மற்றக் கை பக்கத்தைப் புரட்டியது.